பொந்து வாசலில் வைத்த பழம்

ஒரு காட்டில் எல்லாருக்கும் எல்லாருடைய மனமும் தெரிந்திருந்தது. அப்படித்தான் அவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

சாயங்காலமானால் சுனைக்கரையில் கூட்டம் சேர்ந்துவிடும். தண்ணீர் குடிப்பதெல்லாம் கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் முழுக்க, வராதவர்களைப் பற்றிய பேச்சு. அவர்கள் என்ன செய்தார்கள் என்று பேசினால்கூடப் பரவாயில்லை. என்ன நினைக்கிறார்கள் என்று பேசுவார்கள்.

"அந்த மிளா மான் இன்னைக்கு என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போச்சு. அதோட மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அதான் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கே!"

பாவம், மிளாவுக்குக் கண்ணில் தூசி விழுந்திருக்கும். அதை மிளாவிடம் போய் யார் கேட்பது? கேட்டுவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துபோகுமே!

இந்தப் பேச்சில் மூன்று பேருக்கு எப்போதும் முன்வரிசை. ஒன்று மலையணில். அடுத்தவர் வீட்டில் என்ன இருக்கிறது, தன் வீட்டில் என்ன இல்லை என்பதுதான் அதற்குப் பொழுதெல்லாம் கவலை. இன்னொன்று முள்ளம்பன்றி, பெரிய ரோஷக்காரன். யாராவது தும்மினால்கூடத் தன்னைக் கேலி செய்துதான் தும்மினார்கள் என்று முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அடுத்தது கரடி. அதற்கு உலகம் என்றால் வயிறு.

அந்தக் காட்டில் உயரமான ஓர் இலவ மரம் இருந்தது. அதன் பொந்தில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடியிருந்தன. ஆண் பறவையின் பெயர் மருதன். பெண் பறவை தாழை.

குழந்தைகளே, இருவாச்சிகள் குடித்தனம் நடத்துகிற விதமே தனி. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருந்தபடியே மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் மிச்சம் இருக்கும். உள்ளே அதன் இறகுகளும் உதிர்ந்துவிடும். குஞ்சு ஓரளவு வளரும்வரை அதனால் பறக்க முடியாது. ஆண் பறவை கொண்டுவந்து கொடுத்தால்தான் அதற்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. ஆண் பறவைக்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருக்கிற இரண்டு உயிரும் போய்விடும்.

மருதன் ஒரு குறையும் வைக்கவில்லை. விடிந்ததும் பறந்து போவான். அத்திப் பழங்களைத் தொண்டை நிறைய அடைத்துக்கொண்டு வருவான். மரத்தை அலகால் 'டொக் டொக்' என்று தட்டுவான். தாழையின் அலகு இடுக்கு வழியாக வெளியே வரும். ஒவ்வொரு பழமாகக் கக்கி அவள் அலகில் வைப்பான். முடிந்ததும் கிளம்பிவிடுவான். அவன் சிறகடிக்கிற சத்தம் மலைச்சரிவு முழுக்கக் கேட்கும்.

முட்டை பொரிந்து குஞ்சு வந்தது. அதன் முதல் கத்தலைக் கேட்ட நாளிலிருந்து மருதனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முன்பைவிட அதிகம் அலைந்தான். கிடைத்ததையெல்லாம் கூட்டுக்கே கொண்டுவந்தான். தன் வயிற்றை மறந்தே போனான்.

தாழை அதைக் கவனித்தாள். அந்தச் சின்ன இடுக்கு வழியே பார்த்தாலும் அவன் கழுத்து மெலிந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. இறகில் பளபளப்பு இல்லை.

'சாப்பிட்டீங்களா என்று கேட்டால், ஆச்சு ஆச்சு என்றுதான் சொல்லுவார்' என்று அவள் எண்ணினாள். 'கேட்டுப் பயனில்லை. பாதிப் பழத்தை வாசலிலேயே வைத்துவிட்டால் அவரே எடுத்துத் தின்பார். எனக்கு வேண்டாம் என்று வைத்தால் வேறு யாருக்கு வைப்பேன்? இதுகூடவா அவருக்குப் புரியாது?'

அன்றிலிருந்து வாங்கிய பழங்களில் பாதியை அவள் இடுக்கின் ஓரத்தில், மண் பூசிய விளிம்பில் வைத்தாள்.

மருதன் அந்தப் பழங்களைப் பார்த்தான். அவனுக்குத் திக்கென்றது. கொடுத்த பழத்தைத் திருப்பி வைக்கிறாளே! ஏன் என்று கேட்க வாயெடுத்தான். கோபத்தில் இருந்தால் என்ன செய்வது என்று பயந்து பேசாமல் பறந்து போனான். அவன் சிறகு கிளப்பிய காற்றில் அந்தப் பழங்கள் உருண்டு கீழே விழுந்தன.

மரத்தடியில் கரடி படுத்திருந்தது. விழுந்த பழத்தை அது சந்தோஷமாக எடுத்துத் தின்றது.

கொஞ்ச நேரம் கழித்துத் தாழை அலகை வெளியே நீட்டித் தடவிப் பார்த்தாள். விளிம்பில் பழம் இல்லை.

"தின்னுட்டாரு!" என்று குஞ்சிடம் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு நிம்மதி.

மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. தாழை பழம் வைப்பாள். மருதன் பார்த்துவிட்டுப் போவான். கரடி தின்னும். கரடிக்கு உடம்பு பூசினாற்போல ஆனது. மருதனுக்கு நெஞ்செலும்பு துருத்தியது.

ஒரு சாயங்காலம் மருதன் சுனைக்கரைக்குப் போனான். அங்கே கரடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, நீங்க மரத்தடியிலதானே இருக்கீங்க. தாழை ஏன் பழத்தைத் திருப்பி வைக்கிறா? அவ மனசுல என்னதான் இருக்கு?"

கரடி உதட்டை நக்கிக்கொண்டது. "இதுல என்ன மாப்ளே சந்தேகம்? பழம் புளிக்குதுன்னு நினைக்கிறாளோ என்னவோ."

பொய் சொல்ல வேண்டும் என்று கரடி நினைக்கவில்லை. ஒருவர் பழத்தை வேண்டாம் என்று சொல்ல வேறு காரணமும் இருக்கலாம் என்பது அதன் புத்திக்கு எட்டவே எட்டாது. அந்தப் பழம் புளிக்கவில்லை என்பது அதன் நாக்குக்குத் தெரியும். நாக்கைக் கேட்க அது மறந்துவிட்டது.

முள்ளம்பன்றி நடுவில் புகுந்தது. "புளிப்பாவது இனிப்பாவது! கோபம், மருதா, கோபம். நீ நேரம் கழிச்சு வர்றே. 'இவன் கொண்டுவந்து போட்டுத்தான் நான் தின்னணுமா'ன்னு நினைக்கிறா. ரோஷம் இருக்கிறவ அப்படித்தான் நினைப்பா. என் இடத்துல வச்சுப் பார்த்தா எனக்குத் தெரியாதா?"

மலையணில் கிளையிலிருந்து குதித்து இறங்கியது. "அதெல்லாம் இல்லைண்ணே. கணவாய்க்கு அந்தப் பக்கத்து மலையில செக்கச்செவேல்னு ஒரு அத்தி பழுத்துத் தொங்குது. மேற்குச் சரிவு இருவாச்சி தன் பெண்டாட்டிக்கு அதைத்தான் கொண்டுபோய்க் கொடுக்குது. மதினிக்கு அது தெரியாமலா இருக்கும்? 'ஊர்ல எவளுக்கோ கிடைக்குது, எனக்குக் கிடைக்கலையே'ன்னு மனசுக்குள்ளேயே புழுங்குறா. வாய்விட்டுச் சொல்லமாட்டா. மதினி மனசு எனக்குத் தெரியும்."

உண்மையில் அந்தச் சிவப்புப் பழத்தையே நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தது அணில்தான். அதுதான் விஷயம்.

மூன்று பேரில் ஒருவராவது தாழையோடு ஒரு வார்த்தை பேசியதுண்டா? இல்லை. ஆனால் மூவரும் சொல்லும்போது அவ்வளவு உறுதி. மருதன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். கிளம்பும்போது அவன் காதில் கரடி சொன்ன 'என்னவோ'வும் இல்லை, சந்தேகமும் இல்லை. பழம் புளிக்கிறது. அவள் கோபமாக இருக்கிறாள். சிவப்பு அத்தி கேட்கிறாள். அவ்வளவுதான் மிஞ்சியது.

மறுநாள் அவன் கணவாயைத் தாண்டிப் பறந்தான்.

அது நெடுந்தூரம். போய்த் திரும்புவதற்குள் பாதிப் பொழுது போய்விட்டது. முன்பு நாளுக்குப் பல தடவை கேட்ட 'டொக் டொக்' இப்போது எப்போதாவதுதான் கேட்டது. உள்ளே குஞ்சு பசியில் அழுதது.

தாழைக்கும் மனம் கலங்கியது. பொந்துக்குப் பக்கத்துக் கிளையில் ஓடிய அணிலைக் கூப்பிட்டாள்.

"அணிலு, உங்க அண்ணன் இப்பெல்லாம் ஏன் இவ்வளவு நேரம் கழிச்சு வர்றாரு? அவரு மனசுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

பாருங்கள் குழந்தைகளே, இவளும் அவனைக் கேட்கவில்லை! அவன் அலகும் இவள் அலகும் தினமும் தொட்டுக்கொள்கின்றன. நடுவில் ஒரு விரல்கடை மண்சுவர். அதைத் தாண்டி ஒரு கேள்வி போகவில்லை. அணிலிடம் போகிறது.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க மதினி" என்றது அணில். "அண்ணனுக்குச் சலிச்சுப்போச்சு. 'எத்தனை நாளைக்குத்தான் இப்படிச் சுமந்துக்கிட்டு அலையுறது'ன்னு நினைக்கிறாரு. சுனைக்கரையில அவரு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னதை நான் பார்த்தேனே! அதுக்கு வேற என்ன அர்த்தம்?"

தாழை குஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

'பாரமாகத்தானே இருக்கிறோம்' என்று நினைத்தாள். மருதன் கொண்டுவந்த பழத்தில் குஞ்சுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் வாசலில் வைக்கத் தொடங்கினாள். தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் நன்றாகத் தின்று தேறினால் அலுப்புத் தீரும், பாரம் குறையும் என்பது அவள் கணக்கு.

மருதன் அதைப் பார்த்தான். சிவப்புப் பழத்தையும் திருப்பி வைக்கிறாள்! இன்னும் நல்ல பழமாகப் பொறுக்க வேண்டும் என்பது அவன் கணக்கு.

ஒருநாள் மத்தியானம் அவன் பழங்களைக் கொடுத்து முடித்தும் கிளம்பாமல் நின்றான். மேற்கே மேகம் கட்டியிருந்தது.

"தாழை..."

"என்ன?"

அவள் குரலில் ஆவல் இருந்தது. அவனுக்கு அது அதட்டலாகக் கேட்டது.

"ஒண்ணுமில்லை. மழை வரும்போல இருக்கு."

"ஆமா. நீங்க..."

"நான்?"

'நீங்கள் கொஞ்சம் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்களேன்' என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். சலிப்பில் இருப்பவரை நிறுத்திவைத்துப் பேசினால் இன்னும் சலித்துக்கொள்வாரே என்று விழுங்கிவிட்டாள்.

"ஒண்ணுமில்லை. பார்த்துப் போங்க."

அவன் போனான். சிறகுக் காற்றில் பழங்கள் உருண்டு விழுந்தன. கரடி தின்றது. நான் அங்கே இருந்திருந்தால் மருதன், தாழை, கரடி மூன்று பேரையும் பிடித்து உலுக்கியிருப்பேன். ஆனால் கதை சொல்கிறவனால் அது முடியாது.

அன்றைக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டது. கணவாயில் காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. வயிறு நிறைந்த பறவையாக இருந்தால் அந்தக் காற்றைத் தாக்குப்பிடித்திருக்கும்.

சாயங்காலம் 'டொக் டொக்' கேட்கவில்லை. மறுநாள் விடிந்தும் கேட்கவில்லை. குஞ்சு கத்திக் கத்தி ஓய்ந்துபோனது. தாழை அலகை இடுக்கில் வைத்தபடியே இருந்தாள்.

சுனைக்கரையில் பேச்சுக்குக் குறைவில்லை.

"மருதன் இனிமே வரமாட்டான். 'என்னை மதிக்காத இடத்துக்கு நான் ஏன் போகணும்'னு நினைச்சிட்டான்" என்றது முள்ளம்பன்றி.

"அந்த மலையில பழம் குவிஞ்சு கிடக்கு. 'இங்கேயே இருந்துடலாம்'னு அண்ணனுக்குத் தோணியிருக்கும்" என்றது அணில்.

போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மனம் தெரிந்த பிறகு முகத்தைப் போய்ப் பார்ப்பானேன்?

மழை விட்டதும் புற்றில் ஈசல் கிளம்பும். ஈசலைத் தேடித்தான் கரடி கணவாய்ப் பக்கம் போனது. அங்கே ஒரு பாறையடியில் மருதன் கிடந்தான். சிறகுகள் நனைந்து விரிந்திருந்தன.

"மாப்ளே! ஏ, மாப்ளே!"

அவன் எழுந்திருக்கவில்லை. கரடி மூக்கால் மெல்லப் புரட்டிப் பார்த்தது. அவ்வளவு பெரிய பறவை சருகைப் போல லேசாக இருந்தது. தொண்டை மட்டும் புடைத்திருந்தது. புரட்டியதில் அலகு திறந்து சிவப்பு அத்திப் பழங்கள் ஒவ்வொன்றாக உருண்டு வெளியே வந்தன. முழுப் பழங்கள். ஒன்றையாவது அவன் வயிற்றுக்குள் இறக்கவில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கரடிக்கு எதிரே பழம் கிடந்தும் பசி எடுக்கவில்லை. அது அங்கேயே உட்கார்ந்து அழுதது.

அப்புறம் அந்தப் பழங்களை வாயில் கவ்விக்கொண்டது. பல்லும் நாக்கும் படாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு இலவ மரத்துக்கு வந்தது. மரத்தில் ஏறியது. ஏறும்போது அதன் நகம் பட்டு 'டொக்' என்று சத்தம் கேட்டது.

தாழையின் அலகு சட்டென்று வெளியே வந்தது.

"வந்துட்டீங்களா!"

கரடி பழங்களை விளிம்பில் வைத்தது. "நான்தாம்மா, கரடி" என்றது. கணவாயில் மருதன் செத்துக் கிடந்ததைச் சொல்லி முடித்தது.

பிறகு தாழை கேட்டாள்.

"அவரு ஏன்ணே அவ்வளவு தூரம் போனாரு?"

"பழம் புளிக்குதுன்னு நீ நினைக்கிறதா நான்தான்மா அவன்கிட்ட சொன்னேன்."

"நான் அப்படிச் சொன்னேனா அண்ணே?"

"நீ சொல்லலை. ஆனா பழத்தையெல்லாம் கீழே தள்ளிவிட்டியே..."

"தள்ளிவிட்டேனா? அவரு மெலிஞ்சுபோயிருந்தாருன்னு அவருக்காக வாசல்ல வச்சேன். தினமும் எடுத்துத் தின்னுட்டுத்தானே போனாரு?"

கரடிக்கு மரத்தைப் பிடித்திருந்த கை நழுவியது. எப்படியோ சமாளித்துக்கொண்டது.

"இல்லைம்மா. அவன் ஒண்ணைக்கூடத் தொடலை. கீழே விழுந்ததெல்லாம் தின்னது நான்."

இடுக்கில் இருந்த அலகு மெதுவாக உள்ளே போய்விட்டது. குஞ்சு மட்டும் பசியில் ஒரு தடவை கத்தியது. கரடி இறங்கிப் போய்விட்டது. தாழை அப்பன் கொண்டுவந்த கடைசிப் பழங்களை எடுத்துப் பிள்ளைக்கு ஊட்டினாள். ஊட்டி முடித்த பிறகுதான் அழுதாள்.

அன்று சாயங்காலம் சுனைக்கரையில் கூட்டம் கூடியது. அணில்தான் முதலில் வாயைத் திறந்தது.

"மதினி இப்போ என்ன நினைச்சிக்கிட்டு இருப்பா தெரியுமா? அந்தச் சிவப்பு அத்தி மட்டும்..."

"நீ போய்க் கேட்டியா?" என்றது கரடி.

கரடி முள்ளம்பன்றியின் பக்கம் திரும்பியது.

"நீ கேட்டியா?"

முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்க்கப் பார்த்தது. முடியவில்லை. முள்ளெல்லாம் தானாகப் படிந்துவிட்டது.

"அவனாவது நம்மகிட்ட வந்து கேட்டான். நாம ஒருத்தர்கிட்டயும் கேட்கலை. நம்ம மனசுல கிடந்ததை எடுத்து அவ மனசுன்னு சொல்லி அனுப்பிட்டோம்" என்றது கரடி.

அது தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

அதற்குப் பிறகு தினமும் கரடிதான் இலவ மரத்தில் ஏறி அத்திப் பழம் கொடுத்தது. அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு ஏறுவது லேசா? மூச்சு வாங்கும். பாதியில் நின்று நின்று ஏறும். ஏறியதும் நகத்தால் மரத்தை 'டொக் டொக்' என்று தட்டும். ஒவ்வொரு தடவையும் தாழையின் அலகு முதலில் வேகமாக வெளியே வரும். கரடியின் மூச்சு கேட்டதும் அந்த வேகம் அடங்கிவிடும். அதைப் பார்க்கக் கரடியால் முடியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பழத்தை நீட்டும்.

ஒருநாள் தாழை வாங்கிய பழத்தில் ஒன்றை மறுபடியும் விளிம்பில் வைத்தாள்.

கரடி அந்தப் பழத்தைப் பார்த்தது. பழைய கரடியாக இருந்தால் அதற்குள் ஆயிரம் எண்ணியிருக்கும். இப்போது அது இடுக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனது.

"ஏம்மா, இதை ஏன் வச்சே? உனக்குப் போதுமா? இல்லை, பழம் புளிக்குதா?"

உள்ளேயிருந்து தாழை சொன்னாள்.

"போதும்ணே. அது உங்களுக்குத்தான், ஏறி வந்த களைப்புக்கு. இனிப்பாத்தான் இருக்கு. எப்பவுமே இனிப்பாத்தான் இருந்துச்சு."

நீதி: ஒருவர் மனத்தில் இருப்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும், ஊரைக் கேட்டால் ஊரின் மனம்தான் பதிலாக வரும்.